உற்றுப் பார்த்தால் இருட்டும்

சும்மா பார்த்தால் வெளிச்சம், உற்றுப் பார்த்தால் இருட்டு. நல்ல சரக்கு என்றால் கிட்டப் போகப் போக நிறம் கூட வேண்டும், இது என்ன கள்ளத்தனம் என்று வீட்டுப் பட்டாசாலைக் கூடத்துத் தரையில் குந்தியிருந்த கஸ்பார் தலையை மட்டும் திருப்பித் தொட்டியைப் பார்த்தான். சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு நிற்கிற கண்ணாடித் தொட்டி, உள்ளே ஓர் ஆள் கையை வீசி நீந்தலாம். மேலே உத்தரத்துக் கொக்கியில் கப்பி போட்டுக் கம்பியில் தொங்குகிறது அவன் கையாலேயே செய்த விளக்கு. உடைத்த கப்பலொன்றின் மின்பெட்டியிலிருந்து கழற்றிய அலுமினியத் தகடு, அதில் கடலை கடலையாய் ஒட்டிய எல்.இ.டி. மணிகள், முக்கால்வாசி நீலம், மிச்சம் வெள்ளை, சூடு தணிக்கப் பழைய கம்ப்யூட்டர் விசிறிகள். கடையில் செய்த விளக்கு வாங்க வக்கில்லாமல் இல்லை. மூடின பெட்டிக்கு விலை பேசுகிறவன் முட்டாள், திறந்து பார்த்து ஒவ்வொரு மணியாய்ப் பொறுக்கி எடுத்துத் தானே கட்டினால்தான் அது தன் சாமான். அப்படித்தான் கட்டினான். அப்படிக் கட்டினதுதான் இப்படிப் பண்ணுகிறது. கண்ணை அந்தப் பக்கம் முழுசாய் விடாமல் உட்கார்ந்திருந்தால் பட்டாசாலை முழுக்க நீலம் தளும்புகிறது, மேல்சுவரில் ஒட்டியிருக்கிற பல்லியின் வயிறு வரைக்கும். சரி, எரியத்தான் செய்கிறது என்று எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இடது கண்ணை மூடி வலது கண்ணால் மதிப்புப் போட்டால், போச்சு. அந்தி விழுந்துவிடுகிறது. அவன் வருகிற காலடிச் சத்தம் கேட்டு உள்ளே யாரோ திரியைத் தணித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி.

ஒத்தக்கண் கஸ்பார் என்றால் தூத்துக்குடியில் பழைய இரும்பு ஏலம் எடுக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கண் போனவன் என்று அர்த்தமில்லை. சரக்கைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சாத்திவிடுவான், அதனால் வந்த பேர். இடது கண் ஊரைப் பார்க்க, வலது கண் சரக்கைப் பார்க்க. ரெண்டு கண்ணாலயும் பாக்கிறவன ரெண்டு பேரு ஏமாத்துவாங்கலே என்பான். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவனும் படிக்காதவனும் அந்த வலது கண் சுருங்குகிற அழகைப் பார்த்துத்தான் ஏலத்தில் கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். குவியலுக்குள் எது செம்பு, எது செம்பு மாதிரிப் பல்லிளிக்கிற பித்தளை என்று பத்தடி தள்ளி நின்று சொல்லுவான். அந்தக் கண் சும்மா வந்த கண்ணில்லை. மீசை முளைக்குமுன் கப்பல் உடைக்கிற இடத்தில் கேஸ் கட்டர் பிடித்தவன். முதலாளி கொடுத்த கறுப்புக் கண்ணாடியில் வலது பக்கச் சில்லு கிடையாது. கேட்டதற்கு, ஒரு கண்ண மூடிக்கிட்டு வெட்டுல, வெட்டுகிறதுக்கு ஒரு கண்ணு போதும் என்றான் அந்தப் புண்ணியவான். இவனோ சில்லு இல்லாத கண்ணைத் திறந்துவைத்து, சில்லு இருந்த கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான். கறுப்புக்குள்ளே ஒன்றும் தெரியவில்லை, வேலை கோணினால் அன்றைய கூலி போச்சு. அப்படி வருஷக் கணக்காய்த் தீயைத் தின்ற கண். தீயையே பார்த்த கண்ணுக்கு இந்தக் கடலையளவு மணிகள் எம்மாத்திரம்? எனக்கு மங்கலாய்த் தெரிகிறதென்றால் அது மங்கல்தான். தீர்ந்தது.

தீரவில்லை. உள்ளே பவளம் வாடுகிறது. கல் மாதிரித் தெரிகிறதே தவிர அது கல்லில்லை, செடியுமில்லை, உயிர், மயிர் மாதிரி விரல்களைத் தண்ணீரில் அசைக்கிற உயிர். பண்ணையில் வளர்த்தது, தண்ணீர்ப் பையில் தூங்க வைத்து விமானத்தில் வந்தது. அதன் சதைக்குள்ளே பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தைத் தின்று சோறாக்கித் தானும் தின்று வீட்டுக்காரனுக்கும் ஊட்டுகிறது. வெளிச்சம் கோணினால் பாசி ராவோடு ராவாய் வீட்டைக் காலி பண்ணிவிடும், பவளம் பட்டினியில் வெளுத்துச் சாகும். இதையெல்லாம் சொன்னவன் மணிகளை விற்ற சென்னைக் கடைக்காரன் மீரான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவனுக்குப் போன் போட்டாயிற்று. "யோவ், நீ அனுப்பின நீலம் எல்லாம் சாம்பலா எரியுதுய்யா. எந்தக் குப்பையில அள்ளுன?" "அண்ணாச்சி, அது முதல் தரம். கறுப்புக் கண்ணாடி போடாம கிட்ட நின்னு பார்க்காதீங்க, கண்ணு போயிரும்." "போறதுக்கு எங்கண்ணு என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா? பவளம் வாடுதுங்கேன்." "வெளிச்சம் குறைஞ்சாலும் வாடும் அண்ணாச்சி, கூடினாலும் வாடும். அளக்கிற மீட்டர் ஒண்ணு இருக்கு, அனுப்புறேன். தண்ணிக்குள்ள விட்டு அளந்துட்டு..." "எங்கண்ணுதாம்ல மீட்டரு. இன்னொரு மீட்டரை என் தலையில கட்டப் பாக்கியா?" வைத்துவிட்டான். கூடினாலும் வாடுமாம். வியாபாரி பேச்சு ரெண்டு பக்கமும் கூராய்த்தான் இருக்கும். அதனால்தான் இரண்டாவது விளக்கு. முதல் விளக்கின் அண்ணன்காரன் மாதிரி நீளமும் அகலமும், முழுக்க நீலம், இதோ தரையில் மல்லாந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்து ஒயரை ஒட்டவேண்டும். பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிட்டால் அடியில் கிடக்கிறதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். பிழைக்க வேண்டும். கட்டிலில் கிடக்கிறவனுக்கு இதைவிட்டால் வேறு கடல் கிடையாது.

கட்டிலில் கிடக்கிறவன் தம்பி தஸ்நேவிஸ். சங்கு குளிக்கப் போனவன். காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம், அத்தனை ஆள் ஆழத்துக்கு இறங்குகிற வேலை. ஒரு கோடையில் கடலின் அடித்தரையிலிருந்து ஒரே மூச்சில் மேலே பாய்ந்துவிட்டான். நின்று நின்று ஏறவேண்டும், அது பாலபாடம், அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. ஏன்ல அப்படி ஏறுன என்று கேட்டால், கீழ வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுண்ணே என்பான். அதற்குமேல் பேச மாட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து இந்தக் கட்டிலில் போட்ட அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்பவே இல்லை. கஸ்பார் ஒரு வார்த்தை கேட்காமல் இடிபட்ட நகைக்கடையிலிருந்து முரட்டுக் கண்ணாடிகளை ஏலத்தில் எடுத்து, தொட்டி கட்டி, கடல் தண்ணீர் ஊற்றி, அடித்தளத்தில் கல் அடுக்கிக் கடலடிப் பாறை மாதிரிப் பார் அமைத்து, மீன் விட்டு, பவளம் வைத்து, ஒருநாள் காலையில் பார்த்தால் தம்பி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கையை நீட்டிக் கண்ணாடியில் வைத்திருந்தான். அப்போது சாதாரண டியூப்லைட்தான். பவளத்துக்குப் போதாது என்று மீரான் சொல்லி, இந்த நீல விளக்கைக் கட்டி ஏற்றி, நாளுக்கு நாள் வெளிச்சக் குமிழைத் திருகிக் கூட்டிக் கூட்டி... கூட்டக் கூட்டத் தம்பி கொஞ்சங்கொஞ்சமாய் மறுபடியும் சுவர்ப்பக்கம் போய்விட்டான். இப்போது தெரிவது முதுகு மட்டும். வெள்ளை பனியன். அந்த பனியன்கூடச் சும்மா பார்த்தால் ஏதோ மின்னுகிறது, பல் மாதிரி. உற்றுப் பார்த்தால் அழுக்கு. எல்லாம் உற்றுப் பார்த்தால் அழுக்கு. உலகமே நான் பார்க்கும்போது மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொள்கிறதா என்ன.

"ஏங்க, பூசைக்கு நேரமாச்சு, நா கிளம்புதேன்" என்று பொண்டாட்டி பிலோமி அடுக்களை வாசலில் வந்து நின்றாள், முந்தானையை நெற்றிக்கு மேலே கூரை மாதிரிப் பிடித்துக்கொண்டு. வெயிலில் நடக்கிறவள் மாதிரி. வீட்டுக்குள்ளே எதற்கு வெயில்? ஜன்னலையெல்லாம் சாக்குப் போட்டு மறைத்தாயிற்று, பகல் வெளிச்சம் பட்டால் தொட்டியில் பச்சை பிடிக்கும். "என்னட்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு?" "கண்ணு கூசுதுங்க." "உனக்கு எது கூசல? கிளம்பு." அவள் போகவில்லை. "இன்னொன்னும் ஏத்தப் போறீங்களா? கொழுந்தனாரு சாப்பிட்ட தட்டைப் பாருங்க, வச்சது வச்சபடி. ராவெல்லாம் நிக்குது நிக்குதுன்னு பினாத்துதாரு." "என்ன நிக்குதாம்?" "எனக்கென்ன தெரியும்? நா அந்தத் தொட்டிப்பக்கம் பாக்கதில்ல. மாதா பக்கம் பாத்துட்டுப் போயிட்டு வந்துட்டு இருக்கேன்." மாதா என்றதும் அவனுக்குச் சுர்ரென்றது. சுவர் மாடத்தில் இருக்கிற மாதா சுரூபத்துக்குத் திருநாளுக்கு முன்னால் புதுசாய் வர்ணம் அடித்தார்கள். போர்வைக்கு நீலம் அடிக்கச் சொன்னால் அந்த வர்ணக்காரப் பயல் கறுப்பை அடித்துக் காசு வாங்கிப் போய்விட்டான். கஸ்பார் சுரூபத்தைக் கையிலெடுத்து, இடது கண்ணைச் சாத்திப் பார்த்துவிட்டு, தெருவில் நின்று அவனை நாறடித்தான். அந்தப் பயல் திருப்பிப் பேசவில்லை. பிலோமியைப் பார்த்தான். பிலோமி தரையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த ரெண்டு பேருடைய முகமும்... ஒரு பைத்தியக்காரனுக்கு முன்னால் நிற்கிறவர்களின் முகம் அது. அதை இப்போது ஏன் நினைக்கிறேன். "கிளம்புட்டி, சாமியாரு காத்துக்கிட்டு இருப்பாரு." செருப்புச் சத்தம் தெருவோடு போய்த் தேய்ந்தது. விசிறிகள் உறுமுகிற சத்தம். தண்ணீர் சுற்றுகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ வாய் கொப்புளித்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

சால்டரிங் கோல் சூடேறிவிட்டது. நுனியை ஈயத்தில் தொட்டான், ஈயம் சொட்டாய் உருண்டு மினுங்கியது. இந்த வேலை பிடிக்கும், இதில் பொய் கிடையாது, ஒட்டினால் ஒட்டினதுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் தொட்டி இருக்கிறது. முதுகில் அது தெரிகிறது. ஒயரைப் பிடித்து மணியின் காதில் வைத்து, ஈயம் பிடிக்கிற பசை தடவி, கோலை நீட்டும்போது, தலை லேசாய்த் திரும்பின அந்த இமைப்பொழுதில், ஓரக்கண்ணில், மறுபடியும். வெள்ளையாய். தொட்டிக்கு நடுவே, பாருக்கு மேலே, உயரமாய் வெள்ளையாய் ஒன்று நிற்கிறது. கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திடுமெனத் திரும்பி இடது கண்ணைச் சாத்தினான். இல்லை. மங்கல் தண்ணீர், தேன் நிறத்தில் பவளம், கொஞ்சம் வாட்டம், அவ்வளவுதான். இது இன்றைக்கு நேற்று இல்லை. அடுக்களைக்குப் போகும்போது, சட்டை மாட்டும்போது, சும்மா கடந்து போகிறபோதெல்லாம் நிற்கிறது. பார்க்கவேண்டும் என்று பார்த்தால் இருப்பதில்லை. கஸ்பார் பயப்படுகிற ஆளில்லை. துறைமுகத்தில் கத்தியோடு வந்தவனிடமே கத்தி என்ன விலை என்று கேட்டவன். ஆனால் கத்திக்கு ஒரு பிடி உண்டு, விலை உண்டு. பார்க்கிறபோது இல்லாததோடு எப்படி விலை பேசுவது? தம்பி கடலுக்கடியில் பார்த்ததே, அது அவன் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் இருந்து, நான் பைத்தியக்காரன் மாதிரி இந்தத் தொட்டியைக் கட்டிக்கொடுத்ததும் இறங்கி நின்றுகொண்டதா. சே. வெளிச்சம் பத்தவில்லை, அதனால்தான் நிழலாட்டம் இதெல்லாம் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் எந்த மூதேவியும் ஓடிப்போகும். கூட்டு, இன்னும் கூட்டு. மீன்களெல்லாம் எங்கே? கொஞ்ச நாளாய் எல்லாமே வடக்கு மூலையில் தண்ணீர்க் குழாயின் நிழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடைந்து கிடக்கின்றன, மழைக்கு ஒதுங்கின ஜனம் மாதிரி. எதைக் கண்டு ஒதுங்குகின்றன? அவையும் பார்க்கின்றனவா அதை?

"எல தஸ்நேவு." முதுகு அசையவில்லை. "முழிச்சுத்தான கெடக்க. கேக்கேன்ல, என்ன நிக்குது?" "ஒண்ணுமில்லண்ணே." "ஒண்ணுமில்லன்னா சோத்தைத் தின்ன வேண்டியதுதான? உனக்குத்தானல இவ்வளவும்." சுவரைப் பார்த்தபடியே தம்பி சிரித்தான், சிரிப்பு சுவரில் பட்டுத்தான் வந்தது. "எனக்குத்தான். அதான் சொல்ல மாட்டேங்கேன். சொன்னா நீ கத்துவ." "கத்தல, சொல்லு." "இந்தா கத்துத." "சொல்லுல!" "இது கடல் வெளிச்சம் இல்லண்ணே. உன் கேஸ் கட்டரு வெளிச்சம். பத்துப் பாகத்துல வெளிச்சம் வந்து தொடாது, சும்மா பக்கத்துல இருக்கும், பொம்பளை மாதிரி. இது மண்டையில அடிக்குது." "பொம்பளையக் கண்டவன் பேசுதான்." "நீ கண்டதுதான் வீட்டுக்குள்ளயே முக்காடு போட்டுட்டுத் திரியுதே." வாய் மட்டும் இன்னும் சங்கு குளிக்கிறவனின் வாய், காலோடு சேர்ந்து போகவில்லை. வழக்கமாய் இந்த இடத்தில் கஸ்பார் எதையாவது எடுத்து எறிந்திருப்பான். இன்றைக்கு எறியவில்லை. போன மாதம் ஏலத்தில் அவன் கண்ணைச் சுருக்கிச் செம்பு என்று அடித்து எடுத்த குவியல் வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறெதுவோவாய் இருந்தது, ஏலக் களத்தில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காததுதான் கனம். அது ஏன் இப்போது வந்து குறுக்கே நிற்கிறது? கெட்ட நேரம், அவ்வளவுதான். கெட்ட நேரத்துக்கும் இதுக்கும் என்ன. குனிந்து கோலை எடுத்தான். கடைசி இணைப்பு. இதை ஒட்டி, கம்பியில் மாட்டி, பிளக்கைச் சொருகினால் முடிந்தது, அதன் பிறகு யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். அவசரத்தில் பசை அதிகமாய் அப்பிவிட்டது. கோல் பட்டதும் சுர்ரென்று கொதித்து, ஒரு பொட்டு தெறித்து நேரே வலது கண்ணில் விழுந்தது.

அம்மா என்று கூட வரவில்லை, வந்தது கெட்ட வார்த்தைதான். கோலை உதறிவிட்டு உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தான், குடத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தான், எரிச்சல் மண்டைக்குள் ஆணியாய் இறங்கித் தணிந்தது. "என்னண்ணே?" "ஒண்ணுமில்ல, நீ சோலியப் பாரு." பொத்திய கையோடு திரும்பினான். திரும்பினவன் அப்படியே நின்றான். நிற்கிறது. தொட்டி முழுக்க நிற்கிறது. ஓரக்கண்ணில் இல்லை, நேருக்கு நேர், ஓடவில்லை, ஒளியவில்லை. கண்ணைக் குத்துகிற நீலம், சூரியனைப் பிய்த்துத் தண்ணீருக்குள் போட்ட மாதிரி, அந்த நீலத்துக்குள்ளே வெள்ளை வெளேரென்று, கொம்பு கொம்பாய், விரல் விரலாய், ஒரு சுடுகாட்டு எலும்பெல்லாம் எழுந்து நிற்கிற மாதிரி. யார் இரண்டாவது விளக்கைப் போட்டது? குனிந்து பார்த்தான், அது தரையில் மல்லாந்துதான் கிடந்தது, பிளக் சொருகாமல் கிடந்தது. மாடத்தில் மாதா நின்றாள், அவள் போர்வை நீலமாய் இருந்தது. மெதுவாய்க் கையை வலது கண்ணிலிருந்து எடுத்து இடது கண்ணில் வைத்தான். அந்தி. மங்கல் தண்ணீர், தேன் நிறப் பவளம், கறுப்புப் போர்வை. மறுபடி மாற்றினான். வெள்ளை. மாற்றினான். அந்தி. ரெண்டு தொட்டி. ரெண்டு மாதா. ரெண்டில் எது கள்ளச் சரக்கு?

வலது கண் சொல்லுகிறது நான் உனக்குச் சோறு போட்டவன் என்று. போட்டதுதான். வீடு, தொட்டி, பிலோமி கழுத்துச் சங்கிலி, இந்தக் கட்டில், எல்லாம் நீ பார்த்து எடுத்துக் கொடுத்தது. இடது கண் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா வெறித்தது, ஒரு நாளும் களத்துக்குக் கூட்டிப்போகாத பொண்டாட்டி மாதிரி. அது ஊரைப் பார்க்கிற கண், அதற்கு என்ன தெரியும்? ஆனால் மீன் ஒதுங்குகிறது. பிலோமி முக்காடு போடுகிறாள். வர்ணக்காரப் பயல் திருப்பிப் பேசாமல் போகிறான். தம்பி சுவரைப் பார்க்கிறான். அத்தனை பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு என்னை ஏமாற்ற நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா? வலது கண்ணுக்குள்ளே எதுவோ படிந்திருக்கிறது. புகை படிந்த லாந்தர்ச் சிமினி மாதிரி. எப்போதிலிருந்து? தீ தின்ற கண் என்று பெருமை பேசினேனே, தின்னது யார் யாரை? நீலம் மட்டும் அதற்குள் நுழையவில்லை, நுழையாத நீலத்தை நுழைக்கத்தான் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், தினமும் குமிழைத் திருகிவிட்டுப் படுத்தேன், கண்ணுக்குத் தெரியாத கத்தியை இன்னும் தெரியவில்லையே இன்னும் தெரியவில்லையே என்று அழுத்துகிறவன் மாதிரி. உற்றுப் பார்த்ததும் தணிந்தது தொட்டியில்லை, இடது கண்ணைச் சாத்தினதும் மிச்சமிருந்த இந்தக் கண். உள்ளே யாரும் நின்று திரியைத் தணிக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவன் இங்கே, இந்த எலும்புக்குப் பின்னால், இவ்வளவு நாளும் என் கூடவே சாப்பிட்டுக்கொண்டு. தொட்டியில் இருந்தால் உடைத்துவிடலாம். இதை என்ன செய்ய? இடது கண்ணையாவது நம்பலாமா? அதுவும் எவன் வீட்டுச் சரக்கோ, இத்தனை வருஷம் பார்க்காமல் வாங்கி வைத்திருக்கிறேன். குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எவ்வளவு குறைப்பது? குறைத்தாலும் சாகும் என்றான் மீரான். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தக் கண்ணைக் கேட்டு?

"தஸ்நேவு" என்றான். குரல் தனக்கே அடையாளம் தெரியாத குரலாய் இருந்தது. கட்டிலில் முதுகு இறுகியது. "கத்த மாட்டேன். இந்தப் பக்கம் திரும்பு." "வேண்டாம்ணே." "திரும்புல. பவளம் என்ன நிறம்னு சொல்லு." விசிறிகளின் உறுமல். பிறகு மரக்கட்டில் முனகியது, தம்பி கையூன்றிப் புரண்டான், முகத்துக்குமேல் கையைக் குடையாய் வைத்துக்கொண்டு. நீலத்தில் அவன் நகங்கள் மின்னின. "உனக்குத் தெரியலயா?" என்று கேட்டான், அதில் கேலி இல்லை. ஏலக் களத்தில் இந்தக் கேள்விக்குக் கஸ்பாரிடம் நூறு பதில் உண்டு. "தெரியலல" என்றான். தம்பி தொட்டியைப் பார்த்தான். "வெள்ளைண்ணே. மேலயிருந்து வெளுத்துக்கிட்டே இறங்கிருச்சு. அன்னைக்குக் கீழ நின்னதும் இதுதான். பாரு முழுக்க வெள்ளையா நின்னுச்சு. நா வேற என்னமோன்னு நினைச்சுப் பாஞ்சிட்டேன். இங்க தினம் பாக்கப் பாக்கத்தான் தெரிஞ்சுது, அது கோடைச் சூட்டுல வெந்து செத்த பவளப்பாருன்னு." அதைச் சொல்லாமல் இவ்வளவு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறான், நான் கத்துவேன் என்று. கஸ்பார் நடந்துபோய்க் குமிழில் கையை வைத்தான். "குறைக்கேன். நீ சொல்லு, கடல் எங்க வருதோ அங்க நிறுத்தச் சொல்லு."

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். வேண்டுமென்றுதான். அந்தக் கண்ணைத் திறந்துவைத்தால் குறுக்கே பேசுவான், தன்னைத் தனக்குத் தெரியும். சோறு போட்ட கண்ணை மட்டும் திறந்துவைத்துக் குமிழைத் திருகினான். "குறை." அந்தி இன்னும் கறுத்தது. "இன்னும்." பவளத்தின் தேன் நிறம் போய்விட்டது, உருவம் மட்டும் நின்றது. "இன்னும்ணே." "போதாதால?" "நீயா நானா சங்கு குளிச்சது? இன்னும்." உருவமும் போனது, கண்ணாடியின் விளிம்பு ஒரு நூல் மாதிரி நின்று, அதுவும் அறுந்தது. இப்போது அவனுக்கு முன்னால் ஒன்றுமில்லை. தொட்டியில்லை, பட்டாசாலையில்லை, தன் கையில்லை. எதிரே தண்ணீர் சுற்றுகிற சத்தம் மட்டும், பெரிதாய், எல்லாப் பக்கத்திலிருந்தும். விரல்கள் குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருகின. "நிறுத்து" என்றான் தம்பி. இருட்டுக்குள் தம்பியின் மூச்சு மாறினது கேட்டது. "இதான்ணே. பத்துப் பாகம்." "என்ன தெரியுது?" "மீன் வெளிய வருது. குழாய்க்குப் பின்னால இருந்து ஒண்ணு ஒண்ணா." "பவளம்?" "நிக்குது, வெள்ளையா. பொறு. அடியில, கல்லு இடுக்குல, நிழல் பட்ட இடத்துல ஒரு கையகலம் தவிட்டு நிறம் இருக்கு. அது செத்த நிறம் இல்ல." கஸ்பார் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை, அசையவும் இல்லை, அசைந்தால் எங்கே மோதுவான் என்று தெரியவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லு" என்றான். "அந்த இடம் அசையுதா?"